முப்பத்தொன்றாம் பாட்டு

நாகர்கோவில்
18-1-1937

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காள் மகன் செல்வதாசுக்கு, மாமா நேசையன் எழுதுவது.

இக்கடிதத்தில் வரிசையாக எழுதப்போவது:

1. எங்கள் சுகம்
2. 'கமலவேணி' படத்துக்கு மதிப்புரை
3. இம்மாதம் கேட்ட இசைத்தட்டுகள்
4. ஒரு பயம்

முதலாவது. நானும் மகள் எலிசாவும் தேவகிருபையால் சுகம். எனக்கு இடது முழங்காலில் மட்டும் வாதம். எலிசா மிஷன் பெண்பள்ளியில் இவ்வருஷமும் மூன்றாம் வகுப்பே எடுக்கிறாள்.

இரண்டாவது. உங்கள் 'சித்திர தீபம்' பத்திரிகைக்கு வழக்கம்போல் 'நாஞ்சில் ரசிகன்' என்ற பெயரில் போடவும். மதிப்புரை மூன்று குறிப்புகளாக இருக்கிறது.

"ஒன்று: கதாநாயகி மிஸ் அபரஞ்சியின் குரல் கனமானது. மேல் ஸ்தாயியில் கூசுகிறது. கீழே இறங்கும்போது நம்மையும் கூட்டிக்கொண்டு இறங்குகிறது. இரண்டு: ஆர்மோனியக்காரர் பாடுகிறவரை முந்த நினைப்பது மரியாதையன்று. மூன்று: பாட்டுப் புத்தகத்தில் முப்பத்தொன்றாம் பாட்டு, குழந்தையை இழந்த தாயின் புலம்பல், அச்சிடப்பட்டிருக்கிறது. படத்தில் அது இல்லை. அவ்விடத்தில் நான்கு நிமிடம் வெறும் மௌனம். கதாநாயகிக்குப் புலம்பல் பாடத் திராணி இல்லாததால் கம்பெனியார் அதை விழுங்கிவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தும் வாய்விட்டு அழாத தாய் உலகில் இல்லை. இது இயற்கைக்கு விரோதம்."

மூன்றாவது குறிப்பு கொஞ்சம் கடுமையோ? கடுமையென்று பட்டால் குறைத்துக்கொள். எனக்கு நிச்சயமில்லை.

தட்டுகள்: காம்போதியில் ஒரு விருத்தம், நாதஸ்வரத்தில் ஒரு தோடி, சாரங்கி ஒன்று. சாரங்கித் தட்டை வாங்குகிறவர்கள் மறுபக்கத்தை முதலில் போட்டுக் கேட்கவேண்டும்.

நான்காவது. போன வாரச் சபைக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. சினிமாக் கொட்டகைக்குள் கால் வைக்கும் சபையார் ஆறு மாதம் கோவிலில் அப்பமும் ரசமும் பெறும் இராப்போஜனப் பந்தியிலிருந்து விலக்கப்படுவர். மிஷன் சம்பளம் வாங்குகிற வீட்டில் யார் போனாலும் அந்தச் சம்பளமும் நிறுத்தப்படும். என் கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று தீர்மானத்தை என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். 'சம்பளம்' என்ற இடத்தில் மை கொட்டிவிட்டது.

இக்கடிதத்தைக் கிழித்துவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

நேசையன்

---

சென்னை
3-2-1937

அன்புள்ள மாமா அவர்களுக்குச் செல்வதாஸ் வணக்கம்.

நான் சுகம். இந்த ஊர்க் குழம்பில் தேங்காய் இல்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை. உங்கள் முழங்காலுக்கு எலிசா எண்ணெய் காய்ச்சித் தருகிறாளா?

மதிப்புரை ஒரு சொல் குறையாமல் வந்துவிட்டது. மூன்றாவது குறிப்புதான் இங்கே பேச்சாக இருக்கிறது. ஆசிரியர், "உங்க மாமா ஒரு பாட்டு குறைஞ்சாலும் விடமாட்டார் போலிருக்கே" என்று சிரித்தார். மூன்று வருஷமாக நீங்கள் எழுதுகிறீர்கள். இந்த மாதந்தான் உங்கள் முழுப்பெயரை விசாரித்தார். நான் சொல்லவில்லை.

அவருக்கு ஒரு யோசனை. மிஸ் அபரஞ்சியை நீங்கள் தபால் மூலம் பேட்டி காணவேண்டும். கேள்விகளை அனுப்புங்கள், நான் சேர்ப்பித்துப் பதில் வாங்குகிறேன்.

ஒன்று கேட்கலாமா? நீங்கள் எந்தப் படத்திலும் நடிப்பவர் முகத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. குரல், தாளம், சுருதி எல்லாம் வருகிறது. முகம் எப்படி இருந்தது என்றும் எழுதினால் வாசகர்களுக்குப் பிடிக்கும். நான் இன்னும் 'கமலவேணி' பார்க்கவில்லை. போகவேண்டும்.

எலிசாவுக்கு என் அன்பு.

செல்வதாஸ்

---

நாகர்கோவில்
15-2-1937

அன்பான மருமகனுக்கு மாமா எழுதுவது. இவ்விடம் சுகம், அவ்விடச் சுகத்துக்கு எழுது.

கேள்விகள் பத்தும் தனித்தாளில் இருக்கின்றன. எந்த ஊர், யாரிடம் பாட்டுப் பயின்றது, பிடித்த ராகம் எது என்று தொடங்கியிருக்கிறேன். பத்தாவது: "முப்பத்தொன்றாம் பாட்டை ஏன் பாடவில்லை?" இதைக் கேட்கலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். பிறகு சேர்த்துவிட்டேன்.

இங்கே ஒரு சம்பவம். கோட்டாற்றில் கொட்டகைக்கு அடுத்தாற்போல் மீரா முகைதீன் கடை உனக்குத் தெரியும். சோடா, பாட்டுப் புத்தகம், கிராமபோன் தட்டு விற்கிறார். வியாழக்கிழமை மாலை நான் அங்கே பெஞ்சில் இருக்கும்போது சபைச் செயலாளர் ஞானசிங் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பெண்பள்ளி மேனேஜரும் அவரே.

"என்ன சார், இங்க?"

"ஊசி வாங்க வந்தேன்" என்றேன்.

"தையலுக்கா?"

"கிராமபோனுக்கு."

"உங்க வீட்டில எப்ப கிராமபோன் வாங்கினிய?"

மீரா முகைதீன்தான், "பாதிரியாரு வீட்டு மிஷினுக்கு சாருதான் ஊசி வாங்கிக் குடுப்பாரு. நல்ல கண்ணு பாத்தியளா, முனை மழுங்கினத கண்டுபிடிச்சிருவாரு" என்று ஒரு பொய் சொன்னார். எனக்காக ஒரு மனுஷர் பொய் சொல்லும்படி ஆகிவிட்டது. ஞானசிங் போனபின் ஒரு டப்பா ஊசி வாங்கிக்கொண்டு வந்தேன். மேஜை இழுப்பறையில் இப்போது பதினோரு டப்பா இருக்கிறது. வீட்டில் கிராமபோன் இல்லை.

முகத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதைப் பிறகு எழுதுகிறேன்.

நேசையன்

---

சென்னை
6-3-1937

நாஞ்சில் ரசிகன் அவர்களுக்கு, அபரஞ்சி நமஸ்காரம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் க்ஷேமமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

பத்தில் ஒன்பது கேள்விகளுக்குப் பதில் பின்னால் எழுதியிருக்கிறேன். என் கீழ்ஸ்தாயியைப் பற்றித் தாங்கள் எழுதியதை என் தாயாருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். யாரும் அதைச் சொன்னதில்லை.

பத்தாவதற்கு இங்கே பதில். முப்பத்தொன்றாம் பாட்டு எனக்குப் பாடம். பாட்டுப் புத்தகம் முதலிலேயே அச்சாகிவிட்டது. படம் பிடிக்கிற அன்று, இந்த இடத்தில் பாட்டு வேண்டாம் என்று நான்தான் டைரக்டர் காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவர் ஒத்துக்கொண்டார். முதலாளி அன்றைக்கு ஊரில் இல்லை.

இப்போது முதலாளி தங்கள் மதிப்புரையை ஆபீசில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறார். தெற்கே போயிருக்கும் படப்பெட்டிகள் திரும்பி வந்ததும் அந்த நான்கு நிமிடத்தை வெட்டி எறிந்துவிட்டு, வேறொரு பெண் பாடுகிற காட்சியை ஒட்டப்போகிறார்கள். அடுத்த படத்துக்கும் அந்தப் பெண்ணைத்தான் பேசியிருக்கிறார்கள். அது போகட்டும். இதுவரை ஏழு படம் நடித்திருக்கிறேன். நடித்தேன் என்று நான் நினைப்பது அந்த நான்கு நிமிடம் மட்டும்.

தங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. ஒன்று மட்டும் தெரியவேண்டும். அந்த நேரத்தில் தாங்கள் என் முகத்தைப் பார்த்தீர்களா? என் கைகளைப் பார்த்தீர்களா? பார்த்தும் அப்படித் தோன்றியிருந்தால் சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அபரஞ்சி

---

சென்னை
9-3-1937

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். நான் சுகம். மிஸ் அபரஞ்சியின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆசிரியரிடம் காட்டவில்லை.

நேற்றுப் படத்தைப் பார்த்தேன். அந்த இடம் வந்தபோது நான் எலிசாவை நினைத்துக்கொண்டேன். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

உடனே பதில் போடுங்கள்.

செல்வதாஸ்

---

சென்னை
5-4-1937

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

நான்கு வாரமாகப் பதில் இல்லை. இடையில் போட்ட கார்டும் கிடைத்ததா தெரியவில்லை. முழங்கால் அதிகமாகிவிட்டதா? எலிசாவாவது ஒரு வரி எழுதட்டும். மிஸ் அபரஞ்சி இரண்டு முறை ஆபீசுக்கு ஆள் அனுப்பிவிட்டார். நான் என்ன சொல்லட்டும்?

செல்வதாஸ்

---

நாகர்கோவில்
14-4-1937

அன்பான மருமகனுக்கு மாமா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. பயத்தால் எழுதவில்லை.

வரிசைப்படுத்தி எழுத முயன்றேன், வரவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. எந்தப் படத்தையும் பார்த்ததில்லை. கொட்டகைக்குள் போவது பாவமென்று சபை சொல்கிறது. வெளியே இருப்பதைப் பற்றிச் சபை ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே மூன்று வருஷமாக மீரா முகைதீன் கடைப் பெஞ்சில், கொட்டகைத் துணிக்கு ஆறடி இப்பால், பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரிக்கன் விளக்கில் ஒவ்வொரு பாட்டாகக் குறித்துக்கொண்டு கேட்பேன். ஒரு படத்தை மூன்று நாள் கேட்டுத்தான் எழுதுவேன். மீரா முகைதீன் சிரிப்பார்: "சாரே, துணிக்கு அந்தப் பக்கம் போனா நரகம், இந்தப் பக்கம் நின்னா மோட்சம். இந்தத் துணி என்ன விலை இருக்கும்?"

அன்று முப்பதாம் பாட்டு முடிந்தது. சத்தம் நின்றது. யந்திரம் பழுதானால் சத்தம் நிற்பது வழக்கம். ஆனால் அப்படி நின்றால் உள்ளே விசில் பறக்கும், பெஞ்சைத் தட்டுவார்கள், ஆபரேட்டரின் தாயாரை இழுப்பார்கள். அன்று ஒருவரும் மூச்சு விடவில்லை. மூன்று நாளும் அப்படியே. நான் அதைக் குறித்தும் வைத்திருக்கிறேன்: "ஜனம் அமைதி." அதன் காரணத்தை யோசிக்காமல், இல்லாத பாட்டுக்குக் காரணம் யோசித்தேன்.

அந்த அம்மாளுக்கு நான் என்ன பதில் எழுத? பார்த்தேன் என்றால் பொய். பார்க்கவில்லை என்றால் மூன்று வருஷமும் பொய். இரவில் எழுந்து உட்கார்ந்து கொள்கிறேன். எலிசா கேட்டால் முழங்கால் என்கிறேன்.

நீ எலிசாவைப் பற்றி எழுதிய வரியை வாசித்தேன்.

வழி சொல்.

நேசையன்

---

சென்னை
22-4-1937

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷம் உங்கள் எழுத்துக்கு நான்தான் புரூப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லையே.

ஆசிரியரிடம் திருத்தம் போட முடியுமா என்று மட்டும் கேட்டேன். போடுவாராம். ஆனால் படக்கம்பெனி முதலாளி ஏற்கெனவே, அபரஞ்சி பத்திரிகைக்காரருக்குக் கைக்கூலி கொடுக்கிறாள் என்று சொல்லித் திரிகிறார். ஆகவே புனைபெயரில் திருத்தம் செல்லாது. எழுதியவரின் உண்மைப் பெயர், ஊர், உத்தியோகம் மூன்றும் இருக்கவேண்டும் என்கிறார் ஆசிரியர்.

'கமலவேணி' மறுபடி கோட்டாற்றுக்கு வருகிறது. மே எட்டாம் தேதி சனிக்கிழமை கடைசி. அதன்பிறகு பெட்டி சென்னைக்குத் திரும்பும், வெட்டிவிடுவார்கள். பார்க்காமல் திருத்தம் எழுதாதீர்கள் மாமா. அது இரண்டாம் பொய்யாகிவிடும்.

நம் ஊருக்குப் பத்திரிகை பன்னிரண்டு பிரதி வருகிறது. ஒன்று ஞானசிங் வீட்டுக்குப் போகிறது. அது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று எழுதுகிறேன். எழுதாவிட்டாலும் உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

செல்வதாஸ்

---

நாகர்கோவில்
4-5-1937

அத்தானுக்கு எலிசா எழுதுவது. சுகமென்று நம்புகிறேன்.

இது அப்பாவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். ஒரு தாளில் ஒன்று, இரண்டு என்று எழுதி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்கள். கடைசியில், "இதில ஒனக்க வேலையும் போவும். நீ வேண்டாமுன்னா நான் எழுதமாட்டேன்" என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. "ஊசி டப்பாவ நான் என்னைக்கோ பாத்தாச்சு. எங்க போறியன்னும் தெரியும். சும்மா இருந்தேன். இப்ப நீங்க காதால செஞ்ச தப்புக்கு எனக்க கஞ்சியில மண்ணா?" என்று கேட்டேன். தாளை மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டார்கள். இரண்டு நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அத்தான், இந்த வேலை போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம். பிள்ளை போய் எட்டு வருஷம். அம்மாவும் இல்லை. வகுப்பிலுள்ள முப்பது பிள்ளைகளின் சத்தத்தில்தான் பகல் கழிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? நீங்கள் என்னை நினைத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்பா அந்தக் கடிதத்தைத் திறந்தபடியே வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார்கள்.

எலிசா

---

நாகர்கோவில்
10-5-1937

அன்பான மருமகனுக்கு மாமா எழுதுவது. நானும் எலிசாவும் உயிரோடு இருக்கிறோம் என்பதே இன்றைக்குச் சுகம்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு நான் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். எலிசா பள்ளிக்குப் போகும் சேலையை உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். "வாருங்க. நானும் வாறேன்" என்றாள். "பாத்துட்டுச் சொல்லுகேன், பேரு போடணுமா வேண்டாமான்னு."

மீரா முகைதீன் எங்களைக் கண்டதும் சோடாப் புட்டியைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டு டிக்கெட்டா? சாரே, இன்னைக்குக் கண்ணையும் கூட்டிட்டு வந்திருக்கீரா?" என்று தொடங்கியவர், எலிசாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "போவும், போவும். பெஞ்சு டிக்கெட்டே எடும், காலு வலிக்கும்" என்று தணிவாகச் சொன்னார். வாசலில் சபையார் இரண்டுபேர் எங்களைப் பார்த்தார்கள். நான் அவர்களுக்குத் தோத்திரம் சொன்னேன். பழக்கம், வாயில் வந்துவிட்டது.

பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே தட்டி கட்டியிருந்தது. எலிசா அந்தப் பக்கம் போய்விட்டாள். முப்பது பாட்டும் எனக்குத் தெரியும். எந்தப் பாட்டும் நான் நினைத்த மாதிரி இல்லை. அது கிடக்கட்டும்.

முப்பதாம் பாட்டு முடிந்தது. குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் அவள் மட்டும். உத்தரத்தில் தொட்டில் சேலை தொங்குகிறது. அதை அவிழ்க்க முக்காலிமேல் ஏறி நிற்கிறாள். பிள்ளையின் பாரம் இழுத்து இழுத்து முடிச்சு இறுகிக் கல்லாகிவிட்டது. நகத்தால் நெருடுகிறாள். பல்லால் கடிக்கிறாள். வாசலில் நிற்கிற ஒரு கிழவர் பொறுக்காமல் கத்தியை நீட்டுகிறார். அவள் அவரைப் பார்க்கிறாள். கோபமில்லை. வாங்கவும் இல்லை. மறுபடி முடிச்சுக்குத் திரும்புகிறாள். அவ்வளவு பேரும் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு நூல் இளகுகிறது. முழுச் சேலையும் அவிழ்ந்து அவள் தலைமேல் விழுகிறது. அதை எடுக்காமல் அப்படியே நிற்கிறாள்.

தட்டிக்கு அப்பால் எலிசா எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. தட்டியையே பார்த்தேன். எழுந்து போகப் பயம். உட்கார்ந்திருக்கவும் பயம்.

திரும்பி நடக்கையில் பாதி வழியில், "அப்பா, பிள்ள சத்தியராஜ் போன அன்னைக்கு நானும் தொட்டில் முடிச்ச அவுத்துக்கிட்டுதான் நின்னேன்" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

"நீங்க பிச்சாத்திக் கத்திய எடுத்துட்டு வந்து அறுத்திய. நேரமாச்சு, ஆளு வருவாவன்னு."

நான் நின்றுவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் நெருடியிருந்தா அவுந்திருக்கும்" என்றாள். "அதுக்குப் பெறவு எனக்கு அழ வரல்ல. நீங்க அம்மா கிட்ட, இவ என்ன ஜென்மம், ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்லியேன்னு சொன்னிய. நான் உள்ளதான் நின்னேன்."

சொன்னது உண்மை. எட்டு வருஷமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். 'கமலவேணி'யின் மதிப்புரையிலும் அதைத்தான் எழுதினேன் என்று இப்போது தெரிகிறது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவள் என் கைக்குடையை வாங்கிக்கொண்டு, "பள்ளத்தப் பாத்து வாருங்க" என்றாள். வீட்டு வாசலில் பூட்டைத் திறக்கும்போது, என்னைப் பார்க்காமல், "பேரு போட்டு எழுதுங்க" என்றாள்.

நாளை மாலை சபைக்கூட்டம். ஞானசிங் ஆள் அனுப்பிவிட்டார். தீர்மானத்தை எழுத என்னையே கேட்பார்களோ என்னவோ. கேட்டால் எழுதிக்கொடுப்பேன். எலிசாவின் பெயர் வரும் இடத்தில்தான் மறுபடி மை கொட்டும். அவள் இன்று காலை வழக்கம்போல் பள்ளிக்கூடத்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். லீவு முடிந்து அவற்றைத் திருப்பிக்கொடுக்க விடுவார்களா என்று நான் கேட்கவில்லை.

கீழே உள்ளதைப் பத்திரிகைக்குக் கொடு. ஒரு சொல்லும் மாற்றவேண்டாம். மிஸ் அபரஞ்சிக்கும் இதையே காட்டு. அவர் கேட்டதற்கு எனக்கு வேறு பதில் இல்லை.

"'சித்திர தீபம்' ஆசிரியர் அவர்களுக்கு. 'கமலவேணி' மதிப்புரையை எழுதிய 'நாஞ்சில் ரசிகன்' நான்தான். எழுதியபோது படத்தை நான் பார்க்கவில்லை. கொட்டகைக்கு வெளியே இருந்து கேட்டேன். இப்போது பார்த்துவிட்டேன். யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. முதல் இரண்டு குறிப்புகளிலும் மாற்றமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தும் வாய்விட்டு அழாத தாய் உலகில் இல்லை என்று எழுதிய மூன்றாவது குறிப்பு தவறு.

ம. நேசையன்,
ஓய்வுபெற்ற உபாத்தியாயர், நாகர்கோவில்."